கொல்லைக் கிணறும் செப்டிக் டேங்கும்

2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றதும் சம்பாப் பயிர் மூழ்கியதும் செய்தியாயின. இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு காவிரி டெல்டாவில் வீட்டுக்கு வீடு நடக்கிற இன்னொன்று செய்தித்தாளுக்கு வருவதில்லை. கழிப்பறைக் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுக்கும். குளியலறை ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வரும். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவரோ பிள்ளை பெற்று வந்த பெண்ணோ இருந்தால் அந்த வீட்டின் பாடு சொல்லி முடியாது.

"டேங்க் ரொம்பிப்போச்சு, லாரிக்குச் சொல்லு" என்பார்கள். லாரி வரும், உறிஞ்சும், பணம் வாங்கிக்கொண்டு போகும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொட்டி பழையபடி விளிம்புவரை நிற்கும். லாரிக்காரர் அரைகுறையாக எடுத்துவிட்டார் என்று வீட்டுக்காரர் கோபப்படுவார். அந்தக் கோபம் பெரும்பாலும் நியாயமில்லாதது. அவர் சுத்தமாகத்தான் எடுத்தார். இரண்டாவது முறை தொட்டியை நிரப்பியது வீட்டுக் கழிவல்ல. சுற்றியிருக்கும் வயல்களின் தண்ணீரும் வானத்தின் தண்ணீரும் மண் வழியாக உள்ளே வந்துவிட்டன.

ஆகவே டெல்டாவில் கழிப்பறை எதிர்த்தால் தொட்டி மூடியைத் திறக்குமுன் கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று விளங்க, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1860ஆம் ஆண்டையொட்டி, பிரான்சின் வெசூல் நகரத்தில் ழான் லூயி மூரா என்பவர் ஒரு வீட்டின் கழிவுகளைக் கல்கட்டுத் தொட்டி ஒன்றில் விட்டு, நிறைந்து வழிகிற நீரை வேறு பக்கம் வெளியேற்றினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, மலமும் கசடும் மலைபோல் சேர்ந்திருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக உள்ளே பெரும்பாலும் நீரே இருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் டொனால்டு கேமரான் ஊர்க் கழிவுக்கே இம்முறையில் தொட்டி கட்டி, செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார்.

மூராவின் தொட்டியில் கசடைக் கரைத்தவை காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள். மலத்தின் புரதமும் நாரும் கொழுப்பும் முதலில் கரைந்து சிறு மூலக்கூறுகளாகின்றன. இன்னொரு கூட்டம் அவற்றை அமிலங்களாக்குகிறது. கடைசிக் கூட்டம் மீத்தேனும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. இவற்றுக்கு வெப்பம் பிடிக்கும். அந்த வகையில் எக்ஸிட்டரைவிடத் தஞ்சாவூர் கொடுத்து வைத்தது. நம் தொட்டிகளில் கசடு வேகமாகச் செரிக்கிறது. செரிக்காத மிச்சம் அடியில் வண்டலாகப் படியும். எண்ணெயும் சோப்பும் முடியும் பாலில் ஏடு கட்டுவதுபோல மேலே மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீரைத்தான் வெளியேறும் குழாய் எடுக்க வேண்டும். அதற்காகவே உள்ளே வருகிற, வெளியே போகிற இரு குழாய்களின் முனையிலும் டி வடிவத் துண்டு மாட்டப்படுகிறது. அதன் கால் ஏட்டுக்குக் கீழே, நடு நீரில் நிற்கும். கொத்தனார் அதை விட்டுவிட்டால் ஏடு நேராக வெளிக்குழாய்க்குப் போய் அடைக்கும். விலை கொஞ்சம்தான், ஆனால் நம் ஊரில் அதிகம் மறக்கப்படும் உறுப்பு இதுதான்.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீர் ஆழம் போதும். ஆளுக்கு ஆண்டுக்கு 30 முதல் 40 லிட்டர் வண்டல் சேரும் என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தால் அந்தச் சிறு தொட்டி காலத்துக்கும் உழைக்கும். நாம் செய்வது வேறு. பத்தடிக்குப் பத்தடி பள்ளம் வெட்டி, அடியில் தளம் போடாமல், "இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்று மூடிவிடுகிறோம். அல்லது சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அதையே செப்டிக் டேங்க் என்கிறோம். அடித்தளம் இல்லாத தொட்டிக்குள் நிலத்தடி நீர் தன் வீட்டுக்குள் வருவதுபோல் வந்து போகும். கழிவும் அதே வழியில் கிணற்றுக்குப் போகும்.

ஒழுங்காகக் கட்டிய தொட்டியிலும் வேலை பாதிதான் முடிகிறது. வெளியே வரும் நீர் பார்க்கத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமி நிறைந்தது. மீதிப் பாதியை மண் செய்ய வேண்டும். தொட்டியின் வெளிக்குழாய் போய்ச் சேரும் உறிஞ்சுகுழியிலிருந்து நீர் மண்ணுக்குள் கசிந்து, காற்றுள்ள மண்துகள்களின் ஊடே மெதுவாக இறங்கும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டுச் சாகின்றன. எனவே ஒரு வீட்டின் கழிப்பறை உண்மையில் முடிகிற இடம் மண்தான்.

மண்ணின் வழியாக நீர் எப்படிப் போகிறது என்பதை 1856இல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் திஷோன் நகரத்து நீர் வழங்கலுக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்தபோது கண்டு சொன்னார். ஓட்டம் இரண்டைப் பொறுத்தது: மண் எவ்வளவு வழிவிடுகிறது, இரு பக்க நீர்மட்டங்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது. மட்டம் இரண்டும் ஒன்றானால் மண் எவ்வளவு நல்ல மணலானாலும் ஓட்டம் பூஜ்யம். உறிஞ்சுகுழிக்கு வெளியே நிலத்தடி நீர் குழியின் நீர்மட்டத்துக்கே ஏறிவிட்டால் அந்தக் குழியிலிருந்து ஒரு சொட்டும் போகாது. வெளிமட்டம் இன்னும் ஏறினால் ஓட்டம் திரும்பும்.

காவிரி டெல்டாவில் இரண்டு நிபந்தனைகளும் நமக்கு எதிராக நிற்கின்றன. பழைய டெல்டாவின் மண் பெரும்பகுதி கனத்த களி. மண்ணியலார் களத்தூர் வகை என்று பெயரிட்டிருக்கும் கருங்களி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள களித் தாது நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் வயல் கை நுழையுமளவு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்புகள் உறிஞ்சுகுழியைச் சுற்றியும் உண்டு. கோடையில் கட்டிய குழி குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக் கொத்தனாரும் வீட்டுக்காரரும் திருப்தியடைவார்கள். ஐப்பசியில் களி உப்பி வெடிப்பு மூடியதும் அதே குழி வாயை மூடிக்கொள்ளும். மேட்டூர்த் திட்டத்தின் கீழ் 1934க்குப் பின் பாசனம் பெற்ற புதிய டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், மண் பல இடங்களில் மணற்பாங்கானது. ஒரே மாவட்டத்தில் ஒரே கொத்தனார் ஒரே அளவில் கட்டிய குழி ஒரு பக்கம் உழைத்து மறுபக்கம் மக்கர் செய்வதற்கு இதுதான் காரணம்.

நீர்மட்டத்தின் கதை இன்னும் சுவையானது. மழை வந்தால்தான் மட்டம் ஏறும் என்பது டெல்டாவுக்குப் பொருந்தாது. வழக்கமான ஆண்டில் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கிறது. கல்லணையில் பிரிந்த நீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வயலுக்கு வருகிறது. நட்ட வயலில் வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கிறது; வாய்க்கால்களும் கசிகின்றன. மூன்று பக்கமும் நடவு வயல் இருக்கும் வீட்டில், ஆவணி வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே கழிப்பறை மந்தமாகத் தொடங்கும். வீட்டுக்காரருக்குக் காரணம் புரியாது. பிறகு வடகிழக்குப் பருவமழை அதன்மேல் வந்து உட்காரும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான். ஜனவரி 28இல் அணை மூடி, அறுவடை முடிந்து வயல் காயும்போது கழிப்பறையும் தானாகச் சரியாகிவிடும். அதை லாரியின் கைங்கரியம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அநேகம்.

இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் அளந்து காட்டும் கருவி கொல்லையிலேயே இருக்கிறது. கிணற்றின் நீர்மட்டம்தான் அந்த இடத்து நிலத்தடி நீர்மட்டம். தரையிலிருந்து நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். உறிஞ்சுகுழியின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். குழி எட்டடி ஆழம், கிணற்றில் நீர் மூன்றடியில் நிற்கிறது என்றால் குழியின் ஐந்தடி ஏற்கெனவே மூழ்கியிருக்கிறது. வெளிக்குழாயின் மட்டத்துக்கு அது நெருங்கிவிட்டால் கோளாறு தொட்டியில் இல்லை. எந்த லாரியாலும் அதைத் தீர்க்க முடியாது. கிணற்றைத் தூர்த்துவிட்ட வீடுகளில் பக்கத்து வீட்டுக் கிணறு, குளம், வயல் வடிகால் எதுவும் ஓரளவு உதவும்.

கிணறு ஆழத்தில் இருந்தும் கழிப்பறை எதிர்த்தால் அப்போது வீட்டுக்குள்ளிருந்து தேடிக்கொண்டு வரலாம். ஒரே ஒரு கோப்பைதான் அடைத்திருக்கிறதா, எல்லாமேவா? ஒன்று மட்டும் என்றால் அந்தக் கோப்பைக்கும் தொட்டிக்கு முன்னுள்ள சேம்பருக்கும் இடைப்பட்ட குழாயில் நாப்கினோ துணியோ தேங்காய் நாரோ சிக்கியிருக்கும். சேம்பர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்: சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், நிறைந்திருந்தால் தொட்டிப் பக்கம். தண்ணீர் இறங்குகிறது, ஆனால் குபுகுபுவென்று காற்று கக்குகிறது என்றால் காற்றுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். மேலே குளவி கூடு கட்டியிருக்கலாம்.

சேம்பர் நிறைந்திருக்கிறது, ஆனால் தொட்டியின் நீர்மட்டம் வெளிக்குழாயின் வாயளவில் சரியாகத்தான் நிற்கிறது என்றால் உள்வரும் டி குழாயில் ஏடு இறுகி அடைத்திருக்கும். தொட்டியின் நீர் வெளிக்குழாய்க்கு மேலே ஏறி நின்றால் அதற்கு அப்பால்தான் தடை. லாரி வந்திருக்கும் நேரம் இதைப் பார்க்க மிக நல்ல நேரம், பலரும் அதைத் தவறவிடுகிறார்கள். தொட்டியின் மட்டம் இறங்கும்போது வெளிக்குழாயைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் திரும்பக் கொட்டினால் உறிஞ்சுகுழி நிறைந்து கிடக்கிறது. ஒன்றும் வரவில்லை என்றால் குழாயில் அடைப்பு, அல்லது உண்மையிலேயே வண்டல் மிகுந்திருந்தது. வண்டலின் உயரத்தை அளக்க நீளமான கழியின் அடியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, நேராக இறக்கிச் சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் போதும். கறுப்பாகப் படிந்த உயரமே வண்டல். வண்டலும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால்தான் லாரிக்குச் சொல்ல வேண்டும்.

கோடையிலும் உறிஞ்சுகுழி இழுக்கவில்லை என்றால் குழிச் சுவரைச் சுற்றி நுண்ணுயிர்கள் கட்டிய கறுத்த வழுவழுப்புப் படலம் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். குழிக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்துக் காயவிட்டால் காற்றுப் பட்டு அந்தப் படலம் தேயும். அதனால்தான் இரண்டு குழி கட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல வழக்கம்.

இதில் எதற்கும் ஆசிட் மருந்தல்ல. ஆசிடும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொட்டிக்குள் உழைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வரும் குளோரின் வாயு ஊற்றியவரையே தாக்கும். பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியும், புதுத் தொட்டியில் சாணம் கரைத்து ஊற்றுவதும் தேவையில்லை. வேண்டிய நுண்ணுயிர்கள் மலத்தோடு நாள்தோறும் கோடிக்கணக்கில் போய்ச் சேர்கின்றன.

நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது தொட்டியை முழுக்கக் காலி செய்வது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டியின் கன அளவு 3 கன மீட்டர். சுற்றிலும் நீர் நிறைந்திருந்தால் காலித் தொட்டியை 3 டன் விசை மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டியானால் மண்ணைப் பிளந்து மிதந்து எழும். செங்கல் தொட்டியானால் தளம் வெடிக்கும், சுவர் உள்வாங்கும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லாரி இரண்டு முறை வந்தும் சரியாகவில்லை என்றதும் யாராவது ஒருவர், "அடியில எங்கயோ அடச்சிருக்கு, ஒரு ஆள எறக்கிப் பாத்துடலாம்" என்பார். நிலத்தின் நீர்மட்டத்தைத் தொட்டியின் அடைப்பு என்று தவறாகப் படித்ததற்கு இன்னொரு மனிதர் உயிரால் விலை கொடுப்பது அங்கேதான்.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. கலக்கப்படாத கசடுக்குள்ளும் தங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று சொல்லும் நொடி மிக மோசமான நொடியாக இருக்கக்கூடும். பத்து லட்சத்தில் 700, 1000 பங்கு அளவில் ஓரிரு மூச்சிலேயே மனிதர் சரிந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், பிறகு அவருடைய அண்ணனோ தம்பியோ. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை மீத்தேனால் வெடிக்குமே தவிர, இந்த வாயுவைக் காட்டாது.

கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இது நகராட்சிக்கு மட்டுமல்ல, கூலி பேசி அழைத்த வீட்டுக்காரருக்கும் பொருந்தும். 2014இல் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறங்கச் சொல்லப்படுபவர்கள் எந்தச் சாதியினர் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. அந்த அநீதியைப் பேசாமல் இதன் அறிவியலை மட்டும் பேசிவிட்டுப் போக என்னால் இயலாது.

அப்படியானால் களிமண்ணும் உயர்ந்த நீர்மட்டமும் உள்ள வீடு என்னதான் செய்யலாம்? மழைக்காலத்துக்கு உடனடி வழி, தொட்டிக்குப் போகும் தண்ணீரைக் குறைப்பது. குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் கழிப்பறைத் தண்ணீரைவிடப் பல மடங்கு. அதைத் தனிக் குழாயில் கொல்லை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிட்டால் மூச்சுத் திணறிய உறிஞ்சுகுழி பல வீடுகளில் சமாளித்துக்கொள்ளும். சீயக்காய்த்தூளும் எண்ணெயும் தொட்டிக்குப் போகாமல் இருப்பது கூடுதல் நன்மை.

நிலையான வழி, கீழே தோண்டுவதை விட்டு மேலே வருவது. ஐ.எஸ். 2470 இதை எப்போதோ சொல்லிவிட்டது. நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் மணல்மேடு எழுப்பி அதற்குள் கசிவுக் குழாய்களைப் பதிக்கலாம். களிமண்ணில் உறிஞ்சுகுழிக்குப் பதில், ஜல்லி நிரப்பிய தொட்டியில் நீரைக் கீழிருந்து மேலாக ஏற்றும் வடிகட்டியை வைக்கலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. திருவையாறு போன்ற ஊர்களின் பழைய தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டின் அகலமே அதில் பாதி இருக்காது. அங்கே தனித்தனிக் குழி என்பதே பொருந்தாத யோசனை. தெருவுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு அமைப்புதான் நியாயம்.

இன்னொரு துணிச்சலான வழியைக் காவிரிக் கரையில் முசிறி காட்டியது. ஆற்றோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் பகுதிகளில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம், மராச்சி சுப்புராமன் தலைமையில், தண்ணீரை நம்பாத 'எக்கோசான்' கழிப்பறைகளைக் கட்டியது. தொட்டி இரண்டும் தரைக்கு மேலே. சிறுநீர் தனியே பிரிந்துவிடும். மலத்தின்மேல் சாம்பல் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடி மாதக்கணக்கில் காயவிட்டால் எருவாகிவிடும். தரைக்கு மேலே இருப்பதால் நிலத்தடி நீர் அதைத் தொடுவதே இல்லை. சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கழுவும் நீரைத் தனியே விடப் பழக வேண்டும், எருவைத் தொடும் அருவருப்பைத் தாண்ட வேண்டும் என்பதால் இம்முறை எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனால் வெள்ளம் தங்கும் ஊரில் வீடு கட்டுகிற ஒருவர் இதை எண்ணிப் பார்க்காமல் ஒதுக்கக்கூடாது.

லாரி உறிஞ்சிய கசடு எங்கே போகிறது என்பதும் நம் கவலைதான். கருங்குழியில் 2017இல் தமிழகத்தின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன்பின் பல ஊர்களில் வந்திருக்கின்றன. ஆனாலும் இரவில் வாய்க்காலில் திறந்துவிட்டுப் போகும் லாரிகள் இருக்கின்றன. அந்த வாய்க்கால் அடுத்த ஊரின் வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

வண்டல் எடுப்பதென்றால் பங்குனி, சித்திரையில் எடுங்கள். அப்போதே டி குழாய் இருக்கிறதா, தளம் இருக்கிறதா என்று மேலே நின்றபடி டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். குனிந்து தலையை நீட்ட வேண்டாம். ஆவணி முதல் தை வரை கிணற்று மட்டத்தை மாதம் ஒருமுறை சுவரில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எந்த மாதம் சிரமம் தொடங்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம். மழைக்காலத்தில் கழிப்பறை எதிர்த்து, கிணறும் மேலே நின்றால், நீர் வடியும்வரை தண்ணீரைக் குறைத்துப் பொறுத்திருங்கள், பக்கத்து வீட்டில் உதவி கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு கூலிக்கும், ஒரு மனிதரை அந்தத் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.